ஆடிப்பட்டமும் அறுக்குற மெஷினும்

குழு: தண்டையார்பேட்டை ஆயா வீடு

தேவி அக்கா: நேத்து ராத்திரி அடிச்ச காத்துல மாடிப் பந்தல் சாஞ்சிடுச்சு. மூங்கில் அடியில முழுக்க இத்துப் போயிருக்கு. பீர்க்கங்கொடி தரையில கெடக்கு. ஆயா காலையிலேர்ந்து சாப்பிடல

செல்வி அத்தை: ஐயோ. அம்மா மேல எதுவும் விழல இல்ல?

தேவி அக்கா: இல்ல அத்தை, நல்லா இருக்காங்க. கோவம்தான். "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு சொல்லிட்டே இருக்காங்க. அவரை, புடலை விதையெல்லாம் எடுத்து வச்சாச்சு. பந்தலும் வேணும், நாலு மரப்பெட்டியும் வேணும்

மூர்த்தி மாமா: ஆசாரிய கூப்டு

தேவி அக்கா: கேட்டேன் மாமா. கை நிறைய வேலையாம், ஆவணி ஆயிடும்ங்கறாரு

கார்த்தி: நானே செய்றேன். சித்தப்பா ஏதோ மெஷின் சொன்னாரே, கோணம் வச்சு வெட்றது

மூர்த்தி மாமா: இன்னாத்துக்கு மெஷின். என் ஃப்ரெண்டு கிரில் பட்டறைல கட்டிங் மெஷின் கீது, வாங்கினு வரேன்

பாலு சித்தப்பா: மாமா, அது இரும்பு அறுக்கறது. அதுல இருக்கறது கல் டிஸ்க், பல்லே கிடையாது, தேய்ச்சுத் தேய்ச்சு அறுக்கும். மரத்தை வச்சா கருகும். பொறி பறந்த மெஷின்ல மரத்தூளும் சேர்ந்தா பத்திக்கும். அது வேணவே வேணாம். மார்பிள் கட்டர்ல மர பிளேடு மாட்டியும் வெட்டக் கூடாது. ஆசாரிங்க வெட்றாங்க, அவங்க கைப்பழக்கம் வேற. அது நிமிஷத்துக்கு 12,000 சுத்துக்கு மேல ஓடும், கட்டையில மாட்டிக்கிச்சுன்னா நம்ம பக்கம்தான் துள்ளும்

பாலு சித்தப்பா: நமக்கு வேண்டியது மைட்டர் ஸா. அடியில தட்டு, அது மேல வட்ட பிளேடு கீழ இறங்கி வெட்டும். தட்டைத் திருப்பினா ரெண்டு பக்கமும் 45 டிகிரி வரைக்கும் போகும், 15, 22.5, 30, 45ல டக்குனு தானா வந்து உக்காரும். பிளேடு தலையையும் சாய்க்க முடிஞ்சா காம்பவுண்டும்பாங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், இது குறுக்கு வெட்டுக்குத்தான். பலகையை நெடுக்க கிழிக்க முடியாது, அதை மரக்கடையிலயே கிழிச்சு வாங்கிக்கணும்

செல்வி அத்தை: 👍

ராஜி பெரியப்பா: ஒரு பந்தலுக்கு இவ்ளோவா. அப்பா ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸ்ல இருந்தப்ப கை ரம்பத்துலயே நம்ம வீட்டு வாசக்கதவு செஞ்சாரு

செல்வி அத்தை: அந்த சாமான் பெட்டி இப்ப எங்க இருக்குண்ணா

ராஜி பெரியப்பா: பத்திரமா இருக்கு

செல்வி அத்தை: அதான் எங்கன்னு கேக்கறேன்

சுரேஷ் அண்ணன்: சித்தப்பா இது பாருங்க, ஆன்லைன்ல ஸ்லைடிங் டைப், ஆஃபர் போட்டிருக்கான். 8 இன்ச்

பாலு சித்தப்பா: பாத்தேன் சுரேஷ். ஸ்லைடிங்னா தலையை ஒரு தண்டு மேல முன்ன பின்ன இழுத்து அகலப் பலகை வெட்டலாம். நல்ல கம்பெனி ஸ்லைடிங் அருமையான மெஷின், ஆனா அது நம்ம பட்ஜெட் இல்ல. விலை கம்மியா வர்றதுல அந்தத் தண்டுதான் முதல்ல ஆட்டம் காணும். தண்டு ஆடினா வெட்டு நேரா வராது. இதே காசுக்கு தண்டு இல்லாத சாதா 10 இன்ச் வாங்கினா இரும்பா நிக்கும். பிளேடு 254 மில்லி. நேர் வெட்டுல 5 இன்ச் அகலம் வெட்டலாம். 2க்கு 3 இன்ச் ரீப்பர் கட்டையை 45லயும் வெட்டலாம். மாடித் தோட்டத்துல அதுக்கு மேல என்ன வரப் போகுது

மூர்த்தி மாமா: ஞாயித்துக்கெழம அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க. கருவாட்டுக் கொழம்பு யாரு?

செல்வி அத்தை: நான்தான் செய்யணும், வேற யாரு. காசிமேட்டுல நெத்திலி கருவாடு வாங்கியாச்சு

யமுனா (டல்லாஸ்): பாலு மாமா இங்க சேல்ல பாதி விலைக்கு வருது. டிசம்பர்ல வரும்போது எடுத்துட்டு வரட்டுமா?

பாலு சித்தப்பா: வேணாம்டா கண்ணு. அங்க 120 வோல்ட், இங்க 230. அந்த மெஷினை இங்க ஓட்ட 2 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவே மெஷின் கனம் கனக்கும். கெட்டுப் போனாலும் இங்க பாக்க ஆள் கிடையாது. நீ வந்தா போதும்

தேவி அக்கா: டிசம்பர்னா விதை என்ன ஆகறது யமுனா 🙂

ராஜி பெரியப்பா: மாடியில ஒரு ரூம் போட்டு வாடகைக்கு விட்டா மாசம் காசு வரும்னு எவ்ளோ நாளா சொல்றேன். பந்தல் போட்டா அது அப்படியே நின்னுடும்

செல்வி அத்தை: அண்ணா அதை இங்க பேச வேணாம்

ராஜி பெரியப்பா: பொதுவா சொன்னேன்

கார்த்தி: சித்தப்பா எந்த கம்பெனி

பாலு சித்தப்பா: பாஷ், மகிட்டா, டிவால்ட், ஸ்டேன்லி எதுவா இருந்தாலும் சரி. லிங்கிச் செட்டி தெருவுல கேட்டுப் பாப்போம். எனக்கு ரெண்டே கேள்வி. இங்க சர்வீஸ் இருக்கா, கார்பன் பிரஷ் கிடைக்குமா. பிரஷ்ங்கறது மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்தற கரித்துண்டு, தேயற சாமான், தேஞ்சா மாத்தித்தான் ஆகணும். பேர் தெரியாத மெஷின்ல அது கிடைக்கலன்னா மொத்த மெஷினும் காயலான் கடைக்குத்தான்

பாலு சித்தப்பா: கடையில ஓட்டிக் காட்டச் சொல்லணும் கார்த்தி. ரெண்டு பக்கமும் ஒரே அகலமா இருக்கற ஒரு கட்டையை நேரா வெட்டு. ஒரு துண்டை அப்படியே குப்புறப் பொரட்டி, வெட்டின வாயும் வாயும் சேர்ற மாதிரி நேரான விளிம்பு ஒண்ணுல வச்சுப் பாரு. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா கோணம் சரியில்ல. தெரியற சந்து அசல் தப்போட ரெண்டு மடங்கு, அதனால கண்ணுக்கே புலப்படும். திருகைச் சரி பண்ணி மறுபடி வெட்டச் சொல்லு. அப்பவும் நிக்கலன்னா வேற பீஸ் கேளு. இது பெரிய விஷயம்டா, பெட்டிக்கு மேல் சட்டம் போட்டா நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொண்ணும் அரை டிகிரி தப்பினாலே கடைசி மூலையில 4 டிகிரி வாய் பொளந்து நிக்கும். அதை எந்த ஃபெவிகாலும் மூடாது

மூர்த்தி மாமா: மச்சான் கிளாஸ் எடுக்கறான் 😀

பாலு சித்தப்பா: மாமா, அப்படியே என் டிரில்லிங் மெஷினும்

மூர்த்தி மாமா: தரேன் மச்சான். ஞாயித்துக்கெழம எடுத்தாரேன்

தேவி அக்கா: எவ்ளோ ஆகும்னு சொல்லுங்க சித்தப்பா

பாலு சித்தப்பா: 15,000க்குள்ள முடிக்கப் பாக்கணும். மொத்தத்தையும் மெஷின்ல போட வேணாம். கூட வர்ற பிளேடு பெரும்பாலும் 40 பல்லு இல்லன்னா அதுக்கும் கம்மி, ரீப்பர் வெட்ட அது போதும். நறுவிசான வேலைக்கு 60 பல்லுல ஒண்ணு தனியா எடுக்கணும். வாங்கும்போது நடு ஓட்டை அளவு பாரு, 25.4 மில்லியும் இருக்கு, 30ம் இருக்கு. அப்புறம் ரெண்டு கிளாம்ப், கண்ணுக்குக் கண்ணாடி

சுரேஷ் அண்ணன்: நான் 5 போடறேன்

செல்வி அத்தை: நாங்க 3

யமுனா (டல்லாஸ்): மீதி நான் அனுப்பறேன் மாமா

ராஜி பெரியப்பா: பாக்கலாம்

செல்வி அத்தை: ஆனா ஆடியில புது சாமான் வாங்கலாமா? ஆயுத பூஜைக்கு வாங்கினா பொட்டு வச்சு எடுக்கலாமே

கார்த்தி: ஆடியிலதான் தள்ளுபடி அத்தை

தேவி அக்கா: ஆயா வாய்ஸ் அனுப்பச் சொன்னாங்க, கேளுங்க

தேவி அக்கா: 🎤 0:21

செல்வி அத்தை: சரி சரி. விதைக்கு ஆடி ஆவும், மெஷினுக்கு ஆவாதான்னு கேக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லல

மூர்த்தி மாமா: மரத்துக்கு காசு போடாதீங்க. மணலில கன்டெய்னர் யார்டுல பேலட் கட்ட கொட்டிக் கெடக்குது. நம்ம பையன் ஒருத்தன் கீறான்

பாலு சித்தப்பா: நல்ல யோசனை மாமா. ஆனா கட்டையில சூடு போட்ட முத்திரை இருக்கும், கோதுமைக் கதிர் படம் போட்டு. அதுல எச்.டி.ன்னு எழுத்து இருக்கறதா மட்டும் எடுங்க, அது வெறும் சூடு காட்டி பூச்சி கொன்னது. எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு மருந்துப் புகை போட்டது. காய்கறி வைக்கிற பெட்டிக்கு அது வேணாம். எண்ணெய், கெமிக்கல் கறை இருந்தாலும் விட்டுடுங்க

பாலு சித்தப்பா: அந்தக் கட்டையில ஆணி நிறைய இருக்கும். பிளேடு பல்லு நுனியில இருக்கறது கார்பைடு, நல்லா கெட்டி, ஆனா ஆணியில மோதினா தெறிச்சுடும். வெட்டற முன்னாடி ஒரு காந்தத்தை கட்டை மேல ஓட விடு கார்த்தி

கார்த்தி: பழைய ஸ்பீக்கர்ல இருக்கு சித்தப்பா

தேவி அக்கா: மாடியில எந்த பிளக்?

பாலு சித்தப்பா: 10 இன்ச் மெஷின் 1,650 வாட்னு வச்சுக்கோ, 7 ஆம்பியருக்கு மேல இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக்ல போடாத. வாஷிங் மெஷின் பிளக்லேர்ந்து 2.5 ஸ்கொயர் மில்லி ஒயர்ல எக்ஸ்டென்ஷன். ஒயர் சுருளை முழுக்கப் பிரிச்சு விடணும், சுத்தி வச்சபடியே ஓட்டினா சூடாகி உருகும்

பாலு சித்தப்பா: லுங்கியோட நிக்காத. துப்பட்டா, முந்தானை யாரும் பக்கத்துல வரக் கூடாது தேவி. கையுறையும் போடாத, பிளேடு அதைப் பிடிச்சு கையோட இழுத்துடும். பிளேடுலேர்ந்து ஒரு சாண் தள்ளிதான் கை. துண்டு சின்னதா இருந்தா கையால பிடிக்காம கிளாம்ப் போடு. வெட்டி முடிச்சதும் சுவிட்சை விட்டுட்டு, பிளேடு நிக்கற வரைக்கும் தலையைத் தூக்காத. இதுல எனக்கு சமாதானம் கிடையாது. நான் பக்கத்துல நிக்காம முதல் வெட்டு போடக் கூடாது

கார்த்தி: சரி சித்தப்பா

செல்வி அத்தை: ஆமா கார்த்தி, அவன் சொல்றத கேளு

சுரேஷ் அண்ணன்: மெஷின் யார் வீட்ல இருக்கும்?

ராஜி பெரியப்பா: கீழ் வீட்ல வை. நான் பாத்துக்கறேன்

செல்வி அத்தை: மிக்ஜாம்ல கீழ் வீட்ல இடுப்பளவு தண்ணி நின்னுச்சே

பாலு சித்தப்பா: கீழ வேணாம்ணா, மோட்டார்ல தண்ணி போச்சுன்னா முடிஞ்சுது. மாடிப்படி ரூம்ல

ராஜி பெரியப்பா: மாடிப்படி ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு

தேவி அக்கா: பெரியப்பா அது இங்க ஒண்ணு வச்சிருந்தா நல்லா இருக்கும்

ராஜி பெரியப்பா: பேசிக்கலாம்

மூர்த்தி மாமா: எங்க வீட்டு பரண் காலியா கீது

பாலு சித்தப்பா: மாமா 🙏

கார்த்தி: சனிக்கிழமை லிங்கிச் செட்டி தெரு எத்தனை மணிக்கு சித்தப்பா

பாலு சித்தப்பா: கடை திறக்கறதே 10 ஆயிடும். பத்தரைக்கு பிராட்வே வந்துடு. 90 டிகிரி சரியா இருக்கான்னு பாக்கற மூலை மட்டம் நான் எடுத்துட்டு வரேன். ஒரு ரீப்பர் துண்டு நீ எடுத்துட்டு வா, கடைக்காரன் கட்டையை நம்பாத

சுரேஷ் அண்ணன்: ஜிபேல அனுப்பிட்டேன் தேவி, பாத்துக்கோ

தேவி அக்கா: வந்துடுச்சுண்ணா

செல்வி அத்தை: கூழுக்கு எத்தனை பேர் வர்றீங்கன்னு ஒருத்தரும் சொல்லல. கேழ்வரகு ஊற வைக்கணும்