'சோல்' (soul) இல்லாதவனுக்குத் தமிழில் என்ன பெயர்?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழர்களின் குழு உரையாடல். பேசுவோருக்கு ஊர்ப் பெயர்.)

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு மாணவி ஒருத்தி ஐஸ்டெட்ஃபட் என்னும் கலைவிழாவின் பேச்சுப் போட்டிக்கு எடுத்திருக்கும் தலைப்பு இது: 'பஃபி' தொடரில் வரும் ஏஞ்சலுக்கு, ஆன்மா போனபின் மகிழ்ச்சி உண்டா? தெரியாதவர்களுக்காகக் கதை: 'பஃபி' ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், பஃபி காட்டேரிகளை வேட்டையாடும் பெண். ஏஞ்சல் இரத்தம் குடிக்கும் காட்டேரி. தங்கள் பெண்ணைக் கொன்றதற்காக 1898இல் ருமேனியாவில் ஒரு ஜிப்சிக் கூட்டம் அவனுக்கு ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்துச் சபித்தது. செய்ததை எண்ணி எண்ணி அவன் வேக வேண்டும், அதுதான் தண்டனை. ஒரு கணம் முழு மகிழ்ச்சி வந்தால் ஆன்மா கழன்றுவிடும். பஃபியோடு ஓர் இரவு, கழன்றுவிட்டது. வெள்ளிக்குள் தாளை அனுப்ப வேண்டும். 'ஆன்மா இல்லாதவன்', 'முழு மகிழ்ச்சி' இரண்டுக்கும் கச்சிதமான சொல் வேண்டும்.

ஃபீனிக்ஸ்:
உயிரிலி. தனித்தமிழ். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். உய், உயிர், உயிர்ப்பு எல்லாம் ஒரே வேர். ஊதை, உலவை இரண்டும் காற்றைக் குறிப்பதைக் கவனியுங்கள், உகர ஊகாரங்களில் தொடங்கும் காற்றுச் சொற்கள் ஒரு பெருங்குடும்பம். 'ஆன்மா'வும் 'ஆன்' என்னும் தமிழ் வேரிலிருந்து வடக்கே போய்த் திரும்பியது என்பது என் நெடுநாள் கருத்து. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மெரிபேங்க்:
அண்ணா, விரிவு வேண்டாம். முதல் பருவக் கடைசியில் பஃபி நீரில் மூழ்கிக் கிடக்கிறாள். ஏஞ்சல் அருகில் நின்றும் வாயில் மூச்சு ஊத முடியவில்லை, தனக்கு மூச்சே இல்லை என்கிறான். அப்போது அவனுக்கு ஆன்மா இருந்தது. ஆக, உங்கள் கணக்குப்படி அவன் ஆன்மா உள்ள உயிரிலி. பாடநூலிலோ கல்லும் மண்ணும்தான் உயிரிலி.
இன்னொன்று, அவனைக் காட்டேரி என்று எழுதவேண்டாம். இங்கே சிலர் வீட்டில் காட்டேரி அம்மனுக்குப் படையல் போடுகிறார்கள். பாட்டிமார் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் போட்டி இது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா:
குழந்தைகளே, சைவ சித்தாந்தப்படி இன்ப துன்பங்களை நுகர்வது ஆன்மா. உடம்பும் புலன்களும் வெறும் கருவிகள், சடம். நுகர்பவன் இல்லாத இடத்தில் நுகர்ச்சி ஏது? ஆன்மாவிலியின் மகிழ்ச்சி முயற்கொம்பு. பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

மெரிபேங்க்:
முடியவில்லை, ஐயா. ஆன்மா போனபின்னும் அவன் கேலி செய்கிறான், திட்டம் போடுகிறான், பஃபியின் தோழர்களை ஒவ்வொருவராக வதைத்து ரசிக்கிறான். நுகர்பவன் அங்கேயேதான் இருக்கிறான். குற்ற உணர்வு ஒன்றுதான் காணாமல் போயிருக்கிறது. அந்தத் தொடர் 'சோல்' என்று சொல்வது நம் ஆன்மாவை அல்ல, மனச்சான்றை. அதனால் மனச்சான்றிலி.

ஐயா:
அப்படியானால் ஆன்மா போகவே இல்லை, ஆணவ மலம் என்னும் அறியாமை இருள் மூடியிருக்கிறது. சார்ந்ததன் வண்ணமாவது ஆன்மாவின் இயல்பு. இருளில் கிடப்பவன் என்ற பொருளில் 'இருளன்' எனலாம்.

ஆசிரியை:
இருளர் ஒரு சமூகத்தின் பெயர், ஐயா. வேண்டாம். இன்று புதன்.

ஓவர்போர்ட்:
நான் சொல்லுக்கு வரவில்லை, மகிழ்ச்சிக்கு வருகிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இதற்குக் கணக்கே போட்டுவைத்திருக்கிறார்: 'செல்வம் புலனே புணர்வுவிளை யாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே.' ஏஞ்சலின் சாபத்தை உடைத்தது புணர்வு. ஏஞ்சலின் இனத்தவனான ஸ்பைக் என்ற இன்னொருவனுக்கும் ஆன்மா கிடையாது. ஆனால் ஏஞ்சல் உலகத்தை அழிக்கப் பார்க்கிறான் என்றதும், இந்த உலகம் எனக்குப் பிடித்திருக்கிறது, நாய்ப் பந்தயம் இருக்கிறது, மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி இருக்கிறது என்று எதிரியான பஃபியின் பக்கம் சேர்கிறான். அது விளையாட்டு. டர்பனில் பாதிப் பேர் அவன் கட்சி.
நான் பிடித்துக்கொள்வது 'அல்லல் நீத்த', அதாவது துன்பம் நீங்கிய, என்பதை. பிறர் அல்லலும் இதில் அடங்கும் என்று கொண்டால், ஏஞ்சல் வதைத்துப் பெறுவது உவகை ஆகாது. அதற்கு நல்ல சொல் இருக்கிறது: கெக்கலிப்பு. ஏஞ்சல் பெயரிலேயே 1999இல் தொடங்கிய தொடரில், ஆன்மா திரும்பியிருந்த அவனுக்கு ஒரு நடிகை பானத்தில் மருந்து கலந்து கொடுக்கிறாள். போதையின் சுகத்திலேயே பழைய கொடியவன் எட்டிப் பார்க்கிறான். அது களிப்பு. கள்ளிலிருந்து வந்த சொல், கச்சிதமாக உட்காருகிறது. ஆக உவகை, களிப்பு, கெக்கலிப்பு மூன்றையும் பிரித்துவிட்டால் பிள்ளையின் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

மெரிபேங்க்:
அருமை, அக்கா. மீதிப் பாதி 'ஜட்ஜ்' என்ற நீல நிற அரக்கனிடம் இருக்கிறது. யாரிடம் மனிதத்தன்மை உண்டோ அவர்களை அவன் எரிப்பான். ஸ்பைக்கையும் அவன் காதலி ட்ரூசிலாவையும் பார்த்து, அன்பும் பொறாமையும் உங்களிடம் நாறுகின்றன என்கிறான். புத்தகம் படிக்கும் ஒருவனை அதற்காகவே சாம்பலாக்குகிறான். ஆன்மா போன ஏஞ்சலைத் தொடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. எரிப்பதற்கு உள்ளே எதுவுமில்லை. ஆக, இருவருக்கும் ஆன்மா இல்லை, ஆனால் ஸ்பைக்குக்கு உவகை உண்டு, ஏஞ்சலுக்குக் கெக்கலிப்பு மட்டும்.
ஸ்பைக் பின்னாளில் ஆன்மா தேடி வந்தது ஆப்பிரிக்காவில் ஒரு குகைக்கு. எந்த நாடு என்று கதை சொல்லவில்லை. நம் ட்ராகன்ஸ்பெர்க் மலை என்று நாமே வைத்துக்கொள்வோம்.

ஆசிரியை:
சரி, தாள் போய்விட்டது. மனச்சான்றிலி என்று போட்டேன், மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள், அது போதும். 'முழு மகிழ்ச்சி'க்கு அல்லல் நீத்த உவகை. ஆனால் மேடையில் 'மனசாட்சி இல்லாதவன்' என்றுதான் சொல்வாளாம், மனச்சான்றிலியில் நாக்கு சிக்குகிறதாம். கேட்பவர்களுக்கும் அதுதான் புரியும், விட்டுவிட்டேன்.

ஐயா:
ஒரு திருத்தம். பேத்தி நேற்று ஒரு பகுதி போட்டுக் காட்டினாள். ஏஞ்சலின் 'சோல்' எனப்படுவதை வெளியே எடுத்து ஒரு குப்பியில் அடைத்து வைக்கிறார்கள், அது களவும் போகிறது. மனச்சான்றை யாராவது குப்பியில் அடைப்பார்களா? ஆன்மாவிலி என்பதே என் முடிவு.

மெரிபேங்க்:
ஆன்மாவும் அருவம்தானே, ஐயா. அது மட்டும் குப்பியில் அடங்குமா?

ஃபீனிக்ஸ்:
காற்று அடங்கும். உயிர்ப்பு என்றால் காற்று. உயிரிலி.