ஆண்ட்ரோமெடா படத்துல புதுசா ஒரு புள்ளி, நோவாவா?

ஈசூன்காரன்:
வணக்கம். நேத்து ராத்திரி பத்து மணிக்கு எங்க பிளாக் காரிடார்லேர்ந்து (வடக்கு பாத்த காரிடார், அதான் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி மாட்டுது) 80 மில்லிமீட்டர் டெலஸ்கோப்ல ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமா 60 படம் எடுத்து ஒண்ணா சேர்த்து ஸ்டாக் பண்ணேன். நடு மையத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி, நெட்ல பாத்த படத்துல அது இல்ல. 16 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடினா மங்கல்) இருக்கும்னு தோணுது. நோவாவா (திடீர்னு வெடிச்சு மின்னுற நட்சத்திரம்) இது, யார்கிட்ட சொல்லணும்? பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேற யார் வீட்டை பாக்குறேன்னு முறைக்கிறாங்க.

பழைய லென்ஸ்:
தம்பி அவசரப்படாதீங்க. 60 படத்தையும் முப்பது முப்பதா பிரிச்சு தனித்தனியா ஸ்டாக் பண்ணுங்க, ரெண்டுலயும் இருக்கான்னு பாருங்க. இருந்தாலும் நம்பாதீங்க, ஹாட் பிக்ஸலும் (சென்சார்ல சும்மாவே மின்னுற புள்ளி) ரெண்டுலயும் வரும். டெலஸ்கோப்ப லேசா நகத்திட்டு இன்னொரு செட் எடுங்க, புள்ளி நட்சத்திரங்களோட சேர்ந்து நகந்தா நிஜம், சென்சார்ல அதே இடத்துல நின்னா கேமரா கோளாறு. நான் ரெண்டு தடவ ஏமாந்திருக்கேன்.

குமுதா:
16 சாத்தியம்தான், அங்க நோவா உச்சத்துல பெரும்பாலும் 15லேர்ந்து 18க்குள்ள வரும். வருஷத்துக்கு சுமார் 65 வெடிக்கும்னு ஒரு கணக்கு, ஆனா பாலமார் அப்சர்வேட்டரில இருக்கிற ZTF மாதிரி வானத்தை விடாம படமெடுக்குற சர்வேக்கள் முந்திக்கும், அதனால முதல்ல வானத்துல புதுசா தெரியுறதை பதியுற TNS தளத்துல அந்த இடத்தை தேடுங்க, இல்லைன்னா அங்கயே ரிப்போர்ட் பண்ணலாம். ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர் (ஹைட்ரஜனோட ஒரு சிவப்பு ஒளியை மட்டும் விடுறது) வாங்குங்க, நோவாவுல வெள்ளைக் குள்ளன் (எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட மிச்சம்) தூக்கி எறிஞ்ச வாயு அந்த சிவப்புல ரொம்ப நாள் மின்னும், நம்மூர் தெருவிளக்கு வெளிச்சமும் நிறைய குறையும்.

ஈசூன்காரன்:
நகத்தி எடுத்தேன், நட்சத்திரங்களோடதான் நகருது! TNSல ஒண்ணும் இல்ல. ஆனா போன வருஷம் மலேசியா மெர்சிங்ல எடுத்த படத்தை இழுத்து பிரைட் பண்ணா அதே இடத்துல மங்கலா ஏதோ இருக்கு.

பழைய லென்ஸ்:
அப்போ வெளிச்சம் கூடிக் குறையுற மாறும் நட்சத்திரமா (வேரியபிள் ஸ்டார்) இருக்கலாம், நம்ம பால்வெளியிலயே குறுக்க நிக்கிறதாவும் இருக்கலாம். 1923 அக்டோபர்ல வானியலாளர் ஹப்பிளுக்கும் இதேதான். மவுண்ட் வில்சன் அப்சர்வேட்டரில எடுத்த ஆண்ட்ரோமெடா போட்டோ பிளேட்ல மூணு புள்ளிக்கு நோவான்னு 'N' போட்டாரு, பழைய பிளேட்டுங்களோட ஒப்பிட்டப்ப ஒண்ணு சீஃபீட் (தூரம் கணக்கிட உதவுற ஒரு வகை மாறும் நட்சத்திரம்), N-ஐ அடிச்சுட்டு 'VAR!'னு (வேரியபிள்) எழுதினாரு. அதை வச்சுதான் ஆண்ட்ரோமெடா தனி கேலக்ஸின்னே நிரூபிச்சாரு. வேரியபிள் ஸ்டார் கேட்டலாக்ல தேடிட்டு சொல்லுங்க.

ஈசூன்காரன்:
தேடுறேன் அண்ணே. இன்னிக்கு ராத்திரியும் எடுக்கலாம்னா வெளிய கொட்டோ கொட்டுன்னு கொட்டுது.