குடியிலிருந்து மீள்வதற்குக் கலை உதவியதா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தோவாளை வாசகர்:
ஊர்த் தெய்வக் கோயில்களின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக்கு உடுக்கை வாசித்த என் சித்தப்பா சிகிச்சைக்குச் சேர்ந்திருந்த மையத்தில், கலை வகுப்பு எடுப்பவர் நல்லெண்ணத்தோடு அவர் கையில் உடுக்கையையே கொடுத்துவிட்டார். நான் அங்கே கண்டது இன்னும் உறுத்துகிறது. விரல் உடுக்கைத் தோலில் படாமல், கயிற்றை மட்டும் அழுத்துவதும் விடுவதுமாக இருந்தவர், “இதத் தொட்டாலே சாராய மணம் அடிக்குடே” என்றார். விடிய விடியப் பாடும் இரவுகளில் இடைவேளைதோறும் குடித்துப் பழகியவருக்கு அந்தக் கருவியே தூண்டுதலாகிவிடும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

மயிலாடி மருமகள்:
தோவாளை அண்ணன் கலையின்மீது பழி போடுவதை ஏற்க முடியவில்லை. பழி அந்த இரவுகளுக்கும் கூட்டாளிகளுக்கும் உரியது. கல் சிற்பியான என் மாமனாரிடம் சிகிச்சையின்போது ஆலோசகர் மனத்தில் உள்ளதை வரையச் சொன்னபோது, அவர் அளவுகோல் கேட்டு வாங்கி, ஒரு விக்கிரகத்துக்கான தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குக் கோடுகளைப் போடத் தொடங்கினார். முகத்தின் நீளமே ஒரு தாளம் என்று ஆலோசகருக்கு விளக்கிக்கொண்டிருந்தவர், அதே மூச்சில், கை நடுங்கி ஒரு சிலையின் மூக்கைச் சிதைத்த நாளையும் சொல்லிவிட்டார். வீட்டில் எங்களிடம் ஒருபோதும் சொல்லாத செய்தி அது.

குழித்துறை நண்பர்:
என் தம்பி, கோலடித்து ஆடும் களியல் ஆட்டப் பயிற்சிக்குப் போய்த் தேறினான். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இருவருக்கும் சொல்கிறேன்: நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பும் கடுமையான மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மருத்துவர் கண்காணிப்பு முதலில், கலை பிறகு. மதுக்கடை இரவு 10 மணிவரை திறந்திருக்கும் ஊரில் பயிற்சியை மாலையில் வையுங்கள். அந்த நேரத்தில் கையும் காலும் வேலையில் இருந்தால், எழும் வேட்கை பெரும்பாலும் தானே தணிந்துவிடும். பழைய குழுவோடு சேர்க்காதீர்கள், உடனே மேடையேற்றவும் வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டுப் பாட்டை நம்புவதும் கூடாது. தேவைப்பட்டால் 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

மயிலாடி மருமகள்:
மேடையேற்ற வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள் (அறிவுரை கேட்டது யார் என்பது வேறு). கொடைக் காலத்து வருமானத்தை வைத்தே ஆண்டை ஓட்டும் வில்லுக்காரர் வீட்டில், அவர் பழைய குழுவை விட்டால் அடுத்த கொடைக்கு யார் அழைப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.