1900-இல் கலர் படம் எப்படி?

கேள்வி: நியூயார்க் மல்பெர்ரி தெரு, 1900 வாக்கில் எடுத்த படம். தள்ளுவண்டி, கடைக்காரர்கள், கூட்டம் எல்லாமே கலரில் இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரில் பூசியதா?

பதில் 1: இல்லைங்க, அது போட்டோகுரோம். எடுத்தது கறுப்பு வெள்ளை நெகட்டிவ்தான், அப்புறம் நிறத்துக்கு ஒரு அச்சுக்கல் என்று வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடிப்பார்கள், சிலவற்றுக்குப் பத்துக் கல்லுக்கு மேல் போகும். சுவிட்சர்லாந்து முறை; அமெரிக்க உரிமையை வாங்கியது டெட்ராய்ட் கம்பெனி.

கேட்டவர்: அப்போ சட்டை நிறமெல்லாம் அச்சகத்தார் இஷ்டமா?

பதில் 2: பாதிக்கு மேல் அப்படித்தான் என்பேன், நிறத்தை நம்பாதீர்கள். அந்தக் கம்பெனியின் கண்ணாடி நெகட்டிவ்களும் கண்ணாடிப் பாசிட்டிவ்களும் சேர்த்து 25,000-க்கு மேல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. தளத்தில் பெரிய கோப்பை இறக்கிப் பெரிதாக்குங்கள், கடைப் பலகை எழுத்துகூடத் தெரியும்.