உளுதுண்டு வாள்வாரே: 37 வயசுல ‘ழ’ பழக முடியுமா?

தையக்கடை அக்கா:
எனக்குப் பொறந்த ஊரு திருமங்கலம், மதுரைப் பக்கம். 14 வருசமா கோயம்புத்தூர்ல தையக்கடை வச்சிருக்கேன். பொண்ணு நாலாவது படிக்கிறா. குறள் ஒப்பிக்கிற போட்டிக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். 1033ஆவது குறள், “உழுதுண்டு வாழ்வாரே”. ரெண்டு வரிக்குள்ள நாலு ழ! அவ போய் “உளுதுண்டு வாள்வாரே”ன்னு சொல்லியிருக்கா. “உளுந்து உண்டா? கையில வாளா?”ன்னு மிஸ் கேக்க, கிளாஸே சிரிச்சிருக்கு. வீட்டுக்கு வந்து, “நீ சொன்ன மாதிரிதானம்மா சொன்னேன்”ங்குறா.

கண்ணாடி முன்னால நின்னு பாத்துட்டேன். நாக்க மடிச்சா ள வருது, மடிக்கலைன்னா ல வருது. ழ எங்கதான் ஒளிஞ்சிருக்கு? எங்க வீட்டுல மழையும் மளைதான், புழுவும் புளுதான். அம்மா வாயில ஒரு தடவகூட நான் ழ கேட்டதில்ல. இனிமே எனக்கு வருமா?

வியாசர்பாடிக்காரன்:
உங்களுக்கு ள-வாவது வருதேக்கா. எங்க ஆயா கடைசி வரைக்கும் வாயப்பயம்தான் வித்துச்சு. நானே அவசரத்துல “இஸ்துகினு வா”ன்னுதான் சொல்றேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ழ-வை ள-வுக்குப் பக்கத்தில் தேடுகிறீர்கள் அம்மா, அதனால்தான் அகப்படவில்லை. தொல்காப்பியம் ழ-வை ர-வோடு சேர்த்துத்தான் சொல்கிறது: நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும். ல, ள இரண்டுக்கும் அடுத்த நூற்பா. ள-வுக்கு நாக்கு மேலே ஒட்டி நிற்கும், காற்று இரண்டு ஓரமும் வழிந்து போகும். ழ-வுக்கு நாக்கு வளையும், ஆனால் ஒட்டாது.

‘ஆ’ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே நாக்கை மெல்லப் பின்னால் மடியுங்கள். எதையும் தொட்டுவிட வேண்டாம். அப்படியே சத்தத்தை நிறுத்தி, நாக்கை அசைக்காமல் மூச்சை வாய்வழியாக உள்ளே இழுங்கள். நாக்கின் ஓரங்களில் சில்லென்று பட்டால் அது ள. நடுவில் பட்டால் ழ. முதலில் ‘வாழ்’, ‘தமிழ்’ என்று ழ் கடைசியில் வரும் சொற்களாகச் சொல்லிப் பழகுங்கள். ‘உழுது’ பிறகு தானாக வரும்.

பனங்காய்:
அக்கா, நாங்கள் ஊர்ப்பேரையே யாள்ப்பாணம் எண்டுதான் சொல்லுறம். எழுதேக்க மட்டும் ழ. வெக்கப்பட ஒண்டுமில்ல. போட்டிக்கு மட்டும் பிள்ளையைப் பழக்குங்கோ, வீட்டில உங்கட கதையை மாத்தாதேங்கோ.

தையக்கடை அக்கா:
ஐயா, மூச்சு இழுத்துப் பாத்தேன். மூணு நாளும் ஓரத்துலதான் சில்லுன்னுச்சு. நாலாம் நாள் காஜா எடுத்துக்கிட்டே ‘ஆ’ன்னு இழுத்துக்கிட்டிருந்தேன், பட்டுன்னு நடு நாக்குல சில்லுன்னுச்சு! துணி வாங்க வந்த பொம்பள, பல்லு வலியான்னு கேட்டுட்டுப் போனாங்க. ‘வாழ்’ இப்ப சுத்தமா வருது. ‘தொழுது’ மூணு தடவைக்கு ஒரு தடவைதான். பொண்ணுக்கு ஒரே சாயங்காலத்துல பிடிபட்டுருச்சு, இப்ப அவ எனக்கு மிஸ்.

பனங்காய் சொன்னதும் சரிதான் போல. நேத்து அம்மாவுக்குப் போன் போட்டு, “அங்க மழையா?”ன்னு கேட்டேன். “ஏன்டி, சளி பிடிச்சிருக்கா? கொரலு ஒரு மாதிரி இருக்கே”ங்குது.