ஆறு மெஷின் தையல் யூனிட்டுக்கு அரசு டெண்டர் சரிப்படுமா?

வெலிங்டன்_தையல்:
நீலகிரி வெலிங்டனில் ஆறு மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிறேன். என்னோடு ஐந்து பெண்கள் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் அரசு கொள்முதல் செய்யும் இணையச் சந்தையான ஜெம் போர்ட்டலில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று சமையல்கூடத்துக்கு 4,000 ஏப்ரன் கேட்டிருந்தது. ஒன்றுக்கு 212 ரூபாய் போட்டேன். டெண்டரோடு கட்டும் முன்பணமான ஈ.எம்.டி. 17,000 ரூபாய். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால் அதைக் கட்ட வேண்டாம் என்று கேள்விப்பட்டு, சான்றிதழை மட்டும் இணைத்தேன். விலையைத் திறக்காமலே தள்ளிவிட்டார்கள். 'விலக்குக்குத் தகுதியில்லை' என்று ஒரே வரி. எல்1, அதாவது வந்ததிலேயே குறைந்த விலை, 190 ரூபாய் என்று அப்புறம் தெரிந்தது. சிறு தொழிலுக்குச் சலுகை என்கிறார்களே, அது எங்களைப் போன்றவர்களுக்கு இல்லையா? மறுபடி போடலாமா, விட்டுவிடலாமா?

கோத்தகிரி_சப்ளை:
விட்டுவிடுங்கள் அக்கா. அனுபவித்தவன் சொல்கிறேன். ஓர் அலுவலகத்துக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மர அலமாரி செய்து கொடுத்தேன். பணம் வர ஏழு மாதம் ஆனது. ஆசாரிகளுக்குக் கூலி கொடுக்க வீட்டு நகையை அடகு வைத்தேன். தகுதி பெறுவது பெரிய காரியமில்லை. தகுதி பெற்ற பிறகு தாக்குப்பிடிப்பதுதான் பெரும்பாடு.

ஓய்வு_கணக்கர்:
கொள்முதல் பிரிவில் 26 வருடம் இருந்தவன். அம்மா, உங்கள் உத்யம் சான்றிதழில் 'முக்கியச் செயல்பாடு' என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வெலிங்டன்_தையல்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் சார். வணிகம் என்று இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தபோது அந்தப் பையன், கடைப் பெயரில் டெக்ஸ்டைல்ஸ் இருப்பதைப் பார்த்துவிட்டுத் துணிக்கடை என்று நினைத்திருக்கிறான். 500 ரூபாய் வேறு வாங்கினான்.

ஓய்வு_கணக்கர்:
நினைத்தேன். உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. திருத்தமும் இலவசம்தான். வணிகர்களை 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். கொள்முதல் சலுகை பொருளைத் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். நீங்கள் துணி வெட்டித் தைக்கிறீர்கள், ஆகவே உற்பத்தியாளர். ஓ.டி.பி. போட்டு உள்ளே போய்த் தொழில் குறியீட்டை மாற்றுங்கள். முடியாவிட்டால் ஊட்டி மாவட்டத் தொழில் மையத்தில் உதவி கேளுங்கள்.

2012 கொள்முதல் கொள்கைப்படி மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. உங்கள் விலை எல்1-ஐவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், எல்1 விலைக்கு இறங்கி வந்து ஆர்டரில் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். 190-க்கு மேல் 15 சதவீதம் என்றால் 218 ரூபாய் 50 காசு. உங்கள் 212 அதற்குள் வருகிறது. சான்றிதழில் இருந்த அந்த ஒரு வரித் தவறால் 1,000 ஏப்ரன் கைநழுவியிருக்கலாம்.

கோத்தகிரி_சப்ளை:
சார், இறங்கி வரச் சொல்வது சுலபம். அக்கா, ஒரு ஏப்ரனுக்கு அடக்கம் என்ன ஆகிறது?

வெலிங்டன்_தையல்:
துணி 118, கூலி 45, நாடாவும் நூலும் 12, மேட்டுப்பாளையத்திலிருந்து வேன் வாடகை 7, கரண்டும் கடை வாடகையும் 14. மொத்தம் 196.

கோத்தகிரி_சப்ளை:
அப்படியானால் 190-க்குக் கொடுத்தால் ஒன்றுக்கு ஆறு ரூபாய் கையைக் கடிக்கும். ஆயிரத்துக்கு ஆறாயிரம். இதற்குப் பெயர் சலுகையா? அதுவும் எல்1 விலை போட்டவர் பெரிய நிறுவனமாக இருந்தால்தான் கூப்பிடுவார்கள். திருப்பூரில் நாற்பது மெஷின் வைத்திருப்பவரும் சட்டப்படி சிறு நிறுவனம்தான். அவர் எல்1 என்றால் உங்களுக்கு இறங்கி வரும் வாய்ப்புகூட இல்லை. ஈ.எம்.டி. விலக்கு உண்டு, ஆனால் ஆர்டர் கிடைத்தபின் கட்டும் செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து துணி நாலு நாள் கீழேயே நின்றால் யார் பதில் சொல்வது? தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம் பிடிப்பார்கள்.

ஓய்வு_கணக்கர்:
திருப்பூர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்தக் கொள்கையில் மலைக்கென்று தனிக் கணக்கு இல்லை, அது எனக்கும் வருத்தம்தான். சாலை அடைபட்டால் அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துக் கூடுதல் நாள் கேட்க வேண்டும். பில்லோடு சேர்த்துச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஏழு மாதம் பேசாமல் இருந்தீர்களே, அதை ஏற்க மாட்டேன். 2006 சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. பொருள் போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. பாக்கிப் பணத்துக்குப் புகார் கொடுக்கும் சமாதான் இணையதளத்தில் ஏன் மனு போடவில்லை?

கோத்தகிரி_சப்ளை:
இந்த ஊரில் நான் சப்ளை செய்யக்கூடிய அலுவலகங்களை விரல்விட்டு எண்ணலாம் சார். ஒன்றின் மீது மனு போட்டால் மற்றவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். சட்டப் புத்தகத்தில் அந்த பயத்துக்கு இடமில்லை. என் வீட்டில் இருக்கிறது.

கூடலூர்_ஜீப்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இரண்டு ஜீப். ஓர் அலுவலகத்துக்கு மாத வாடகைக்கு ஓட்டுகிறேன், இது இரண்டாவது வருடம். கீழே இருந்து வந்து யாரும் எங்கள் சாலையில் என் விலைக்கு ஓட்ட முடியாது. அக்கா, புதுத் துணி தைப்பதில் திருப்பூரோடு மோதாதீர்கள். ஹாஸ்டல் திரைச்சீலை தைப்பது, சீருடையை ஆளுக்கேற்றபடி திருத்துவது, கிழிந்ததைச் சரிசெய்வது போன்ற வேலைகளைப் பாருங்கள். அளவெடுக்க ஆள் நேரில் வர வேண்டுமே. ஒன்று மட்டும் கவனம். மாநில அரசு அலுவலகங்களை அந்த மத்தியக் கொள்கை கட்டுப்படுத்தாது. அவர்களுக்கு 1998 டெண்டர் வெளிப்படைச் சட்டம் இருக்கிறது. எந்த அரசு கேட்கிறது என்று பார்த்துவிட்டு விலை போடுங்கள்.

வெலிங்டன்_தையல்:
இன்று மதியம் சான்றிதழைத் திருத்திவிட்டேன். இப்போது உற்பத்தி என்று வந்துவிட்டது. ஏப்ரனை இனி 190-க்குப் போட மாட்டேன். சீருடை திருத்தும் வேலை வந்தால் போடுவேன். கோத்தகிரி அண்ணா, இரண்டு மாதக் கூலியைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் போடுவேன், அந்த விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி.

கோத்தகிரி_சப்ளை:
மூன்று மாதமாக வையுங்கள் அக்கா. கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் தேதியும் முத்திரையும் போட்ட ரசீதை வாங்காமல் படியிறங்காதீர்கள். என்னிடம் அது இல்லை.

ஓய்வு_கணக்கர்:
தம்பி, வண்டிக்காரரின் லோடு சீட்டாவது இருக்கிறதா? இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வட்டிக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.