புதுப்பிப்பு: திரெட்லோக்கலில் தங்கிவிடும் மொழித் தேர்வு

பினாங்கில் நாங்கள் பராமரிக்கும் ஜாவா சேவையில், மொழியைத் தேர்ந்தெடுக்காத வாடிக்கையாளருக்கு வழக்கமான மலாய் ரசீதுக்குப் பதிலாகச் சில வேளைகளில் தமிழ் ரசீது போவதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

திரெட் என்பது நிரலுக்குள் தனித்து ஓடும் ஒரு செயலோட்டம்; திரெட் பூல் என்பது மீண்டும் மீண்டும் பயன்படுத்த வைத்திருக்கும் திரெட்டுகளின் தொகுப்பு. பூலில் உள்ள திரெட் ஒரு கோரிக்கை முடிந்தவுடன் மடிவதில்லை. அதே திரெட் அடுத்த கோரிக்கையை எடுக்கும்போது, முந்தைய வாடிக்கையாளருக்காகத் திரெட்லோக்கலில் (ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி மதிப்பை வைக்கும் ஜாவா வசதியில்) வைத்த மொழி மதிப்பும் அங்கேயே இருக்கிறது. புதிய கோரிக்கை மொழியைக் குறிப்பிட்டால் அது மாற்றி எழுதப்படும், குறிப்பிடாவிட்டால் பழையதே வாசிக்கப்படும். பூலின் அளவை 1 ஆகக் குறைத்து, முதலில் தமிழ்க் கோரிக்கையையும் அடுத்து மொழியில்லாத கோரிக்கையையும் அனுப்பியபோது, பிழை ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தது. இத்தகைய பிழையைத் தேடுவோருக்கு இந்தச் சோதனையையே முதலில் பரிந்துரைப்பேன்.

இப்போது மதிப்பை வைத்தவுடன் டிரை (try) பகுதி தொடங்குகிறது. இடையில் பிழை வந்தாலும் இறுதியில் ஓடும் ஃபைனலி (finally) பகுதியில், மதிப்பை நீக்கும் ரிமூவ் அழைக்கப்படுகிறது. ரிமூவுக்குப் பதிலாக நல் (null, அதாவது வெற்று) மதிப்பை வைப்பது போதாது, ஏனெனில் அந்தப் பதிவு திரெட்டின் அட்டவணையில் தொடர்ந்து இடம்பிடித்திருக்கும்.

இன்ஹெரிட்டபிள் திரெட்லோக்கலைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது புதிய திரெட் உருவாகும் கணத்தில் மட்டுமே அதை உருவாக்கிய திரெட்டிலிருந்து மதிப்பை நகலெடுப்பதால், பூலுக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒரே பொருளின் சுட்டியை (reference) இரண்டு திரெட்டுகள் தத்தம் திரெட்லோக்கலில் வைத்திருந்தால், அந்தப் பொருள் பகிரப்பட்டதே, அது மாறக்கூடியதானால் அதற்குப் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் அணுகச் செய்யும் ஏற்பாடு) போன்ற பாதுகாப்பு தேவைப்படும்.